கையெழுத்தும் வேண்டும், பேச்சும் வேண்டும்

கேள்வி: பேர்ணாம்பட்டில் ஷூ கம்பெனியில் வேலை செய்கிறேன். வயது 56. பக்கத்து மெஷினில் நின்றவர் ஆடி மாதம் மாரடைப்பில் போய்விட்டார். அன்றிலிருந்து எனக்கும் சாவு நினைப்புதான். சாவை மறக்காதவனே முழுசாக வாழ்கிறான் என்று ஒரு சொற்பொழிவில் கேட்டேன். எனக்கோ நினைத்தாலே சோறு இறங்கவில்லை. வீட்டில் பேச்செடுத்தால் 'வாயில நல்ல வார்த்தையே வராதா' என்கிறாள் மனைவி. அம்மா இருக்கிறார், இரண்டு பிள்ளைகள். தம்பியோடு பல வருஷமாகப் பேச்சு இல்லை. எப்படித்தான் நினைப்பது?

பதில்: சொற்பொழிவில் சொன்னது சரி. நீங்கள் செய்துகொண்டிருப்பது அது இல்லை. 'நான் போய்விட்டால் இவர்கள் கதி என்ன' என்று ராத்திரியெல்லாம் புரள்கிறீர்கள். விடிந்ததும் அந்தக் கதிக்காக ஒரு காகிதத்தில்கூடக் கையெழுத்துப் போடாமல் வேலைக்குக் கிளம்புகிறீர்கள். இது கவலை. நாளைக்கு நான் இல்லை என்றால் எது அரைகுறையாக நிற்கும் என்று பார்த்து, அதை இன்றைக்கு முடிப்பதுதான் சாவை நினைப்பது.

பி.எஃப். கணக்கில் தொடங்குங்கள். கல்யாணத்துக்கு முன்னால் வேலையில் சேர்ந்தவர்கள் நாமினியாக அம்மா பெயரையோ தம்பி பெயரையோ எழுதியிருப்பார்கள். மனைவி, பிள்ளை என்று குடும்பம் வந்தபின் பழைய நாமினி நியமனத்தை நம்பி இருக்க முடியாது, புதிதாகப் போட வேண்டும். குடும்பத்தார் ஆதார், போட்டோ, வங்கிக் கணக்கு எண் இருந்தால் யு.ஏ.என். (பி.எஃப். உறுப்பினர் எண்) போட்டு நுழைகிற பி.எஃப். இணையதளத்திலேயே முடிந்துவிடும். பலர் தவறுவது கடைசிப் படியில். விவரங்களைச் சேமித்துவிட்டு, ஆதார் ஓ.டி.பி. போட்டு இ-சைன் (மின்னணுக் கையெழுத்து) செய்யாமல் எழுந்துவிடுகிறார்கள். இ-சைன் ஆகாத நியமனம் பதிவாகாது. வேலையில் இருக்கும்போதே இறந்தால், பி.எஃப். பணம் போக, பி.எஃப்.போடு சேர்ந்தே வருகிற இ.டி.எல்.ஐ. என்ற ஆயுள் காப்பீட்டில் 7 லட்சம் ரூபாய் வரை குடும்பத்துக்கு வரும். இப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் கேட்காமல் விட்ட குடும்பங்கள் உண்டு. இதை உங்கள் மனைவிக்கு இன்றே சொல்லுங்கள்.

வங்கியிலும் பாருங்கள். 2025 நவம்பர் 1 முதல் ஒரு கணக்குக்கு 4 பேர் வரை நாமினி போடலாம். ஆனால் வங்கி நாமினி பணத்தை வாங்கிக் கொடுக்கிறவர்தான், சொந்தக்காரர் ஆகிவிடமாட்டார். இந்துவாக இருந்து உயில் எழுதாமல் போனால், உங்கள் சொந்தச் சொத்து அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகள் என்று நான்கு சம பங்காகும். அம்மா காலத்துக்குப் பிறகு அவர் பங்கு அவருடைய எல்லாப் பிள்ளைகளுக்கும் போகும். அதாவது, நீங்கள் பேசாத அந்தத் தம்பிக்கும் உங்கள் வீட்டில் ஒரு பங்கு வரும். அதுதான் உங்கள் விருப்பம் என்றால் நல்லது. இல்லையென்றால் உயில் வேண்டும். (இஸ்லாமிய வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: உங்கள் சட்டப்படி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத வாரிசுகளின் சம்மதம் தேவை. ஜமாத்திலோ வக்கீலிடமோ கேட்டுக்கொண்டு எழுதுங்கள்.)

உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். பதிவும் கட்டாயமில்லை, ஆனால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்தால் பின்னால் வம்பு குறையும். இரண்டு சாட்சிகள் மட்டும் கட்டாயம். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை, உங்கள் கையெழுத்தைப் பார்த்து அவர்களும் கையெழுத்துப் போட வேண்டும். உங்களைவிட வயதில் இளையவர்களாக, சொத்தில் பங்கு இல்லாதவர்களாகப் பாருங்கள். நிரூபிக்க வேண்டிய நாளில் சாட்சியே உயிரோடு இல்லாமல் நின்றுபோன உயில்கள் ஏராளம்.

நம் பக்கத்து உயில்களில் அடிக்கடி விட்டுப்போவது கிணறு. 'சர்வே எண் இன்னது, ஒரு காணி நிலம் மூத்தவனுக்கு' என்று எழுதியிருப்பார்கள். கிணறு வேறு சர்வே எண்ணில், நாலு பங்காளிகளுக்குப் பொதுவில் இருக்கும். அதில் நமக்கு எத்தனை பங்கு, தண்ணீர் முறை எந்தெந்த நாள், மோட்டார் மின் இணைப்பு யார் பெயரில், வண்டி போகிற வழி எது என்று ஒரு வரிகூட இருக்காது. நிலம் கிடைத்தவனுக்குத் தண்ணீர் கிடைக்காமல் அண்ணன் தம்பி கோர்ட்டுக்குப் போவது இப்படித்தான். அதையும் எழுதுங்கள். நகை, கொடுத்த கைமாத்து, கட்டும் சீட்டு எல்லாவற்றையும் எழுதுங்கள். பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருந்தால், உயிலுக்கு முன்னால் அதைச் சரிசெய்ய வேண்டும்.

அடுத்தது ஆஸ்பத்திரி. இனிப் பிழைக்க வழியில்லை என்று டாக்டர்களே சொன்ன பிறகும் வென்டிலேட்டரில் வைத்திருக்க வேண்டுமா என்பதை நீங்களே முன்கூட்டி எழுதிவைக்கலாம். 2018-ல் உச்ச நீதிமன்றம் இதை அனுமதித்தது, 2023-ல் நடைமுறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகள் முன்னால் கையெழுத்திட்டு, நோட்டரியிடமோ கெசட்டட் அதிகாரியிடமோ சான்று பெற்றால் போதும். உங்களுக்காக முடிவு சொல்லப்போகிறவர் பெயரை அதில் குறிப்பிட வேண்டும். 'கருவிகள் வேண்டாம்' என்று மொட்டையாக எழுதினால் ஐ.சி.யூ. வாசலில் ஆளுக்கொரு அர்த்தம் சொல்வார்கள். எந்த நிலையில், எது வேண்டாம், வலிக்கு மருந்து கட்டாயம் வேண்டும் என்று விவரமாக எழுதுங்கள். பீரோவில் பூட்டிவிடாமல் பிள்ளைகளிடம் ஆளுக்கொரு நகல் கொடுங்கள்.

இவ்வளவும் காகிதம். காகிதத்தில் அடங்காதது உங்கள் தம்பி.

நம் வட ஆற்காட்டுப் பக்கம் கருமாதி ராத்திரியில் கர்ண மோட்சம் கூத்து வைப்பார்கள். கர்ணன் அடிபட்டுச் சாய்ந்த பிறகுதான் குந்தி ஓடிவந்து மடியில் போட்டுக்கொண்டு, 'மகனே' என்று ஊரறிய அழுவாள். அந்த ஒரு வார்த்தைக்காக அவன் காத்திருந்த காலமெல்லாம் அவளால் அதைச் சொல்லியிருக்க முடியும். அந்தக் கட்டத்தில் கூத்துக் களமே கலங்கும், ஏனென்றால் 'நல்லது கெட்டதுக்குக்கூடப் போறதில்ல' என்று வைத்திருக்கிற ஒரு உறவாவது பார்க்கிறவர்கள் பலருக்கும் இருக்கிறது. உங்களுக்கும் இருக்கிறது. ஒருவர் கருமாதிக்கு மற்றவர் வந்து நிற்பதற்கு முன்னால் நேரில் போய்விடுங்கள். கல்யாண வீட்டில், நாலு பேர் பார்க்கப் பேசாதீர்கள். தனியாகப் போங்கள். நிலத்துப் பேச்சையும் பழைய கணக்கையும் எடுக்காதீர்கள். பிள்ளைகளை விசாரித்துவிட்டுப் பத்து நிமிஷத்தில் எழுந்து வந்தால் முதல் தடவைக்கு அது போதும். அவர் முகம் கொடுக்காவிட்டால் பொங்கலுக்கு இன்னொரு தடவை போங்கள்.

ரிட்டயர் ஆனதும் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தவற்றில் ஒன்றையாவது இந்த வருஷம் செய்யுங்கள். மனைவியோடு திருவண்ணாமலை கிரிவலம் என்றால் 14 கிலோமீட்டர், முழங்கால் நன்றாக இருக்கும்போதே நடக்க வேண்டிய தூரம். பி.பி., சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் பார்த்துவிடுங்கள். நெஞ்சு அழுத்தி, வியர்த்து, இடது கைக்கோ தாடைக்கோ வலி பரவினால், வாயு என்று சோடா குடித்துக்கொண்டு உட்காராமல் 108-க்குப் போன் செய்யுங்கள்.

சோறு இறங்கவில்லை என்கிறீர்களே, அதுவும் தூக்கமின்மையும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், அதைத் தத்துவம் என்று எண்ணிக்கொண்டு இருக்காதீர்கள். வைத்தியம் இருக்கிற விஷயம் அது. வேலூர் அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்குப் போகலாம். பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையம் இருக்கிறது, அந்தப் பெயரைக் கேட்டுக் கூச வேண்டியதில்லை. போனில் பேசவேண்டும் என்றால் அரசின் மனநல உதவி எண் டெலிமானஸ் 14416.

மனைவியிடம் 'எனக்கு ஏதாவது ஆயிட்டா' என்று ஆரம்பிக்காதீர்கள். 'பி.எஃப்.ல உன் பேரு ஏறியிருக்கான்னு பாக்கலாம், ஆதாரும் பாஸ்புக்கும் எடுத்துட்டு வா' என்று சொல்லுங்கள், எடுத்துக்கொண்டு வருவார்.