47 கெஜம்

அன்புள்ள ஐயா,

வேலை நிமித்தமாகப் பஃபலோ நகருக்கு வந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. அலுவலகத்தில் எல்லோரும் பேசுகிறார்களே என்று 1990 பருவத்தின் அமெரிக்கக் கால்பந்து ஆட்டங்களைப் பதிவில் பார்த்தேன். இந்த ஊரின் பில்ஸ் அணி அத்தனை பலத்தோடு வந்தும், கடைசி உதையை உதைத்த ஸ்காட் நார்வுட் என்ற ஒரே ஆள் சொதப்பியதால் சூப்பர் பவுல் என்ற இறுதி ஆட்டத்தில் தோற்றது. அவர் ஒழுங்காக உதைத்திருந்தால் அடுத்த மூன்று ஆண்டுகளின் சூப்பர் பவுல் தோல்விகளும் நேர்ந்திருக்காது அல்லவா? ஒரே ஆட்டத்தில் வெளியேற்றும் பிளேஆஃப் முறை நியாயமானதா? இந்த விளையாட்டைத் தொடர்ந்து பார்க்கலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்,

பிளேஆஃப் முறையின் நியாயத்தை இன்னொரு நாள் பேசிக்கொள்ளலாம். பார்க்கலாமா என்று என்னிடம் அனுமதி கேட்கவும் வேண்டாம். ‘ஒரே ஆள் சொதப்பியதால்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்காகத்தான் இந்தப் பதில். சென்ற வாரம்தான் அந்த ஆட்டத்தை மறுபடியும் முழுதாகப் பார்த்தேன். நீங்கள் பார்த்தது கடைசி எட்டு விநாடிகளை மட்டும்தானோ என்று சந்தேகிக்கிறேன்.

1991 ஜனவரி 27, டாம்பா. அதற்கு முந்தைய வாரம் ரைடர்ஸ் அணியை 51-3 என்று நொறுக்கிவிட்டு வந்த பில்ஸ், ஒரு முயற்சிக்கும் அடுத்ததற்கும் இடையே கூடிப் பேசாமல் உடனுக்குடன் ஆடி எதிரணியை மூச்சுவாங்க வைக்கும் அணி. அதற்கு நியூயார்க் ஜயன்ட்ஸ் பயிற்சியாளர் பில் பார்செல்ஸ் கண்ட மருந்து, பந்தையே அவர்கள் கையில் கொடுக்காமல் இருப்பது. அறுபது நிமிட ஆட்டத்தில் ஜயன்ட்ஸ் பந்தை வைத்திருந்த நேரம் 40 நிமிடம் 33 விநாடி. மூன்றாம் கால்பகுதியின் தொடக்கத்தில் பந்தை விடாமல் தொடர்ச்சியாக 9 நிமிடம் 29 விநாடி வைத்திருந்து, எல்லைக் கோட்டுக்கு அப்பால் கொண்டுசேர்த்து டச் டவுனும் போட்டார்கள். அதற்கு நடுவே, பந்தைத் தக்கவைக்க மூன்றாவது முயற்சியில் 13 கெஜம் தேவைப்பட்டபோது, ஜயன்ட்ஸின் மார்க் இங்ரம் குறைவான தூரத்தில் பந்தைப் பிடித்து, ஐந்து பேர் கைகளிலிருந்து வழுக்கிக்கொண்டு 14 கெஜம் போய்ச் சேர்ந்தார். பில்ஸின் அந்த ஐவரில் ஒருவர் பிடி இறுகியிருந்தாலும் ஆட்டம் வேறு திசையில் போயிருக்கும். உங்கள் அலுவலகத்தில் அவர்கள் பெயரை யாராவது சொல்கிறார்களா?

இன்னொன்றையும் கேளுங்கள். ஜயன்ட்ஸின் தடுப்பாட்டத்தை வகுத்த பில் பெலிசிக், எறியப்படும் பாஸ்களை அடைப்பதற்காக ஆட்களைப் பின்னுக்கு நிறுத்தி, பில்ஸின் தர்மன் தாமஸ் பந்தோடு ஓடினால் ஓடட்டும் என்று விட்டுவிட்டார். தாமஸ் 15 முறை ஓடி 135 கெஜம் எடுத்தார். கதவு திறந்து கிடக்கிறது; பில்ஸோ பந்தை எறியும் ஜிம் கெல்லியை 30 முறை எறியவைத்து ஜன்னலைத் தட்டிக்கொண்டிருந்தது. இத்தனையும் நடந்து முடிந்து, பில்ஸ் 20-19 என்று ஒரு புள்ளி பின்தங்கிய நிலையில், எட்டு விநாடி மிச்சமிருக்கும்போது, கம்பங்களுக்கு நடுவே போனால் மூன்று புள்ளி என்ற உதைக்காக, சொந்த மைதானத்தில் செயற்கைத் தரையில் ஆடிப் பழகிய ஒருவரைப் புல்தரையில் 47 கெஜத் தூரத்தில் நிறுத்தி உதைக்கச் சொன்னார்கள். பந்து தூரம் போதாமல் விழவில்லை. வலது கம்பத்துக்கு வெளியே போயிற்று.

தொண்ணூறுகளின் இறுதியில் நானும் சில மாதங்கள் உங்கள் ஊரில் வாடகைக்குக் குடியிருந்தேன். வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற இரும்பாலைத் தொழிலாளி. தோல்விக்கு மறுநாள் நயாகரா சதுக்கத்தில் திரண்ட ஆயிரக்கணக்கானோரில் அவரும் ஒருவர். கூட்டம் நார்வுட் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்ததையும், பின்வரிசையில் நின்றிருந்த நார்வுட் முன்னே வந்து பேச முடியாமல் கண்கலங்கியதையும் எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார். கத்திய கத்தலில் தமக்கு இரண்டு நாள் குரலே வரவில்லையாம். முந்தைய இரவு தொலைக்காட்சிப் பெட்டியின் மீது செருப்பை விட்டெறிந்தவரும் அவரேதான். அதை அவர் மனைவி சமையலறையிலிருந்து நினைவூட்டுவார். அவர் காது கேளாதவர்போல் இருந்துவிடுவார். அந்த ஊரிலிருந்துகொண்டு நீங்கள் இப்படி எழுதியதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அடுத்த மூன்று தோல்விகளையும் நார்வுட் தலையில் கட்டுகிறீர்கள். 37-24, 52-17, 30-13. இவற்றில் எது மூன்று புள்ளியில் போனது? கடைசி இரண்டின்போது அவர் அணியிலேயே இல்லை. இரண்டாவது சூப்பர் பவுலுக்கு பில்ஸ் போனதே, டென்வரை 10-7 என்று வென்றுதான். அதில் 44 கெஜத்திலிருந்து அந்த மூன்று புள்ளியை உதைத்தவர் நார்வுட். அன்று டென்வரின் கிக்கர் மூன்று உதைகளைத் தவறவிட்டார்.

மூன்றாம் கால்பகுதியை மட்டுமாவது மறுபடி பாருங்கள். ஜனவரியில் பில்ஸின் ஆர்ச்சர்ட் பார்க் மைதானத்துக்குப் போவதாக இருந்தால் இரண்டு ஜோடிக் காலுறை போட்டுக்கொள்ளுங்கள். நான் போடாமல் போய்ப் பட்டிருக்கிறேன்.