சுவரில் மயில் போதுமா?

கேள்வி: எங்கள் பூங்கா மதில் சுவரில் படம் வரையப் போகிறார்களாம். தெருவில் எல்லா மதத்தினரும் இருக்கிறோம். வம்பே வேண்டாம், பூவும் மயிலும் வரைந்துவிட்டால் போதும் என்கிறார் மாமனார். சரிதானே?
– வாசகி, வண்ணாரப்பேட்டை

பதில்: மாமனார் விவரமானவர். (மயிலைப் பார்த்து ‘இது முருகன் கட்சி’ என்று ஒருவர் கிளம்பினாலும் கிளம்புவார், அது தனிக்கதை.) சுவரை விடுங்கள். ராயபுரத்துக்காரனான எனக்கு உள்ளே இருக்கிற மேடையைப் பற்றித்தான் கவலை.

பூங்காவிலும் பொதுத் தெருவிலும் புதிதாகக் கோயிலோ மசூதியோ சர்ச்சோ கட்டக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2009-லேயே உத்தரவு போட்டுவிட்டது. ஓரவஞ்சனை நடப்பது மேடை நிகழ்ச்சி மாதிரி வந்து போகும் விஷயங்களில்தான். பரதநாட்டிய வகுப்புக்கு மேடை கேட்டால் உடனே சாவி கைக்கு வரும். அதே மேடையில் நாலு பையன்கள் காகிதத்தைக் கொளுத்திப் பறைக்கு அனல் காட்டிக்கொண்டிருந்தார்கள். தோல் விறைக்கவே இல்லை, ஓர் அடிகூட விழவில்லை. அதற்குள் காவலாளி, ‘இங்க என்ன சாவு வீடா?’ என்று விரட்டிவிட்டார். கானா பாடுகிறவர்களுக்கும் இதே கதிதான்.

மேடை கேட்பவர் பெயர், நாள், நேரம் எழுத வாசலிலேயே ஒரு நோட்டு தொங்கட்டும். கட்டணம் எல்லோருக்கும் ஒன்று. போன மாதம் கிடைத்தவர் இந்த மாதம் அடுத்தவருக்கு வழிவிடட்டும். சத்தம்தான் புகாரா? ஒலிபெருக்கிக்கு இரவு 10 முதல் காலை 6 வரை தடை என்று 2000-ஆம் ஆண்டு விதி இருக்கிறது. பண்டிகைக்காக அரசு தளர்த்தினாலும் நள்ளிரவு 12 வரைதான், அதுவும் வருடத்துக்கு 15 நாளுக்கு மேல் போகக்கூடாது. ஐயப்ப பஜனைக்கும் மாதா தேருக்கும் மீலாது மேடைக்கும் கானாவுக்கும் அதே கடிகாரம்தான்.

இதையெல்லாம் கவுன்சிலரிடம் வாய்வார்த்தையாகச் சொன்னால் காற்றோடு போய்விடும். வார்டு மக்கள் கூடிப் பேசும் பகுதி சபைக் கூட்டத்தில் எழுதிக் கொடுங்கள். சுவரில் மயிலே இருந்துவிட்டுப் போகட்டும்.

கேள்வி: வடசென்னையை ஒரே படத்தில் வரையச் சொன்னால்?
– வாசகர், பெரம்பூர்

பதில்: செகண்ட் லைன் பீச் தெருவில் ஓர் அத்தோ கடை. பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்த பண்டம். நூடுல்ஸ், முட்டைக்கோஸ், பொரித்த பூண்டு எல்லாவற்றையும் கையாலேயே பிசைந்து தருவார்கள், பக்கத்தில் வாழைத்தண்டு சூப். ஒன்று மட்டும்: அழகுபடுத்துகிறோம் என்று கடையைக் கிளப்பிவிட்டு அதன் படத்தைச் சுவரில் வரையாதீர்கள். தெரு வியாபாரிகளுக்கு 2014-லேயே பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது.