மாதவிடாய் நின்று ஓராண்டு கடந்தபின் ரத்தம் பட்டால்

கேள்வி: எனக்கு 53 வயது. மாதவிடாய் நின்று 14 மாதம் ஆகிறது. இரவில் திடீரென்று உடம்பெல்லாம் சூடேறி, தலையணை நனையும் அளவுக்கு வேர்க்கிறது. தூக்கமே இல்லை. போன வாரம் இரண்டு நாள் லேசாக ரத்தம் பட்டது. "தீட்டு நிற்கிற வயதில் அப்படித்தான் எட்டிப் பார்க்கும்" என்கிறார் அண்ணி. இனிப்பு நீருக்கு (நீரிழிவுக்கு) மாத்திரை சாப்பிடுகிறேன். வேர்வைக்கு ஹார்மோன் மருந்து எடுத்தால் புற்றுநோய் வருமா?
— வாசகி, பட்டர்வொர்த்

பதில்: சகோதரி, முதலில் அந்த ரத்தத்தைக் கவனிப்போம். வேர்வை சில நாள் பொறுக்கலாம், இது பொறுக்கக் கூடாது.

தொடர்ந்து 12 மாதம் வராமல் இருந்தால்தான் மாதவிடாய் நின்றுவிட்டது என்போம். அதற்கு முந்தைய சில ஆண்டுகளில் முன்னே பின்னே வருவது இயல்பு. அண்ணி சொல்வது அந்தக் காலத்துக்குப் பொருந்தும். நீங்கள் அதைத் தாண்டிவிட்டீர்கள். இனி ஒரு சொட்டு பட்டாலும் பரிசோதனை செய்தே ஆக வேண்டும்.

பயந்துவிடாதீர்கள். பெரும்பாலும் ஈஸ்ட்ரோஜென் என்ற பெண் ஹார்மோன் குறைந்து கருப்பையின் உட்சவ்வு மெலிந்ததோ, சின்னச் சதை வளர்ச்சியோதான் காரணமாக இருக்கும். ஆனால் கருப்பை உட்சுவர்ப் புற்றுநோயும் இப்படித்தான் முதலில் தலைகாட்டும். இனிப்பு நீரும் உடல் பருமனும் உள்ளவர்களுக்கு அந்த ஆபத்து கூடுதல். நம் இந்தியச் சமூகத்தில் இரண்டும் அதிகம் என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் பெரும்பாலும் குணமாகிவிடும் நோய் இது. ரத்தம் நின்றுவிட்டாலும் இந்த வாரமே அரசாங்க கிளினிக்குக்குப் போய், செபராங் ஜெயா மருத்துவமனை போன்ற இடத்தின் மகளிர் பிரிவுக்குக் கடிதம் கேளுங்கள். ஸ்கேனில் உட்சவ்வின் தடிமனை அளப்பார்கள். 4 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் துளி சதை எடுத்துப் பார்ப்பார்கள். "பாப் ஸ்மியர் நன்றாகத்தானே வந்தது" என்று விட்டுவிடாதீர்கள். அது கருப்பை வாய்க்கான சோதனை.

சரி, ஹார்மோன். 2002இல் வெளியான அமெரிக்க ஆய்வுக்குப் பிறகுதான் இந்தப் பயம் பரவியது. அதில் இரட்டை ஹார்மோன் (ஈஸ்ட்ரோஜெனுடன் புரொஜெஸ்டிரோன் வகை மருந்தும்) எடுத்தவர்களில் ஆண்டுக்கு 10,000 பேருக்கு ஏறக்குறைய 8 பேர் கூடுதலாக மார்பகப் புற்றுநோய்க்கு ஆளானார்கள். அவர்களின் சராசரி வயது 63. 60 வயதுக்குள், மாதவிடாய் நின்ற பத்து ஆண்டுக்குள் தொடங்குபவர்களில் பலருக்கு நன்மையே மிகுதி. வேர்வைக்கு இதைவிட நல்ல மருந்தும் இல்லை. கருப்பை இருப்பதால் உங்களுக்கு ஈஸ்ட்ரோஜென் மட்டும் கொடுக்க மாட்டார்கள். உட்சவ்வு தடிக்காமலிருக்க புரொஜெஸ்டிரோனும் சேரும். மார்பகப் புற்றுநோயோ ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்த கட்டியோ முன்பு வந்திருந்தால் ஹார்மோன் இல்லாத மாத்திரைகள் உண்டு. எதுவானாலும் ரத்தத்தின் காரணம் தெரிந்தபிறகுதான். அதுவரை தெரிந்தவர்கள் தரும் ஜாமு, மூலிகை உருண்டை எதுவும் வேண்டாம். ஏற்கெனவே சாப்பிட்டிருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

இன்னொன்று. இனிப்பு நீர் மாத்திரைகளில் சில, இரவில் சர்க்கரையை அதிகமாக இறக்கிவிடும். அப்போதும் இப்படித்தான் வேர்த்துக் கொட்டும். அடுத்த முறை நனைந்து விழிக்கும்போது விரலில் குத்திச் சோதியுங்கள். 4 mmol/L-க்குக் கீழே இருந்தால் உடனே சர்க்கரைத் தண்ணீர் குடியுங்கள், மறுநாளே மாத்திரைகளோடு கிளினிக்குக்குப் போங்கள்.