கைநாட்டு

வணக்கம் ஐயா,

நான் இங்கிலாந்தில் லெஸ்டரில் இருக்கிறேன். என் கணவர் ஆங்கிலேயர். அவருடைய பாட்டி வழியில் தேடிக்கொண்டே போய், 1816இல் ஒரு கிராமத்துத் தேவாலயத்தில் நடந்த கல்யாணம் வரை வந்துவிட்டேன். மணப்பெண் மேரி, பண்ணைக் கூலியின் மனைவி. இதற்கு முன்னால் போக லத்தீன் படிக்க வேண்டுமா? இணையத்தில் ஒருவர் போட்டிருக்கும் வம்ச மரத்தை எடுத்துக்கொள்ளலாமா? எழுதப் படிக்கத் தெரியாத சாதாரணப் பெண். இனிமேல் என்ன கிடைத்துவிடப் போகிறது என்றும் தோன்றுகிறது.

கே.

அன்புள்ள கே.,

லத்தீன் வேண்டாம். அடுத்தவர் மரத்தைத் தொடாதீர்கள். ஒரே ஊரில் ஒரே பெயரில் மூன்று மேரிகள் இருப்பார்கள், பதிவேட்டுப் பக்கத்தைக் கண்ணால் பார்க்காமல் ஒரு பெயரையும் சேர்க்கக் கூடாது. மேரி 1851இல் உயிரோடு இருந்திருந்தால் அந்த வருடக் கணக்கெடுப்பில் பிறந்த ஊர் கிடைக்கும். சரி, அது போகட்டும்.

நான் எழுத உட்கார்ந்தது உங்கள் கடைசி வரிக்காக. படித்ததும் கோபம் வந்தது.

சில வருடங்களுக்கு முன் அங்கே ஒரு ஆவணக் காப்பகத்தில் பழைய திருமணப் பதிவேடு ஒன்றைப் பார்த்தேன். 1754 முதல் மணமக்களும் சாட்சிகளும் அதில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. தெரியாதவர்கள் பெருக்கல் குறி போடுவார்கள், பெயரைக் குருவானவர் எழுதிவிடுவார். ஒரு பெண்ணின் குறியில் ஒரு கோடு ஆழமாக இறங்கி மை தேங்கியிருந்தது. மற்றது பாதியிலேயே மை தீர்ந்து வெறும் கீறலாக நின்றது. என் அப்பத்தா நினைவுக்கு வந்தாள். பத்திரம் பதியப் போன இடத்தில் ஒருவர் அவள் கட்டைவிரலைப் பிடித்து அழுத்தி, "கைநாட்டா?" என்று கேட்டார். வீடு வரும்வரை விரலை முந்தானையில் தேய்த்துக்கொண்டே வந்தாள். ஆறு ஏக்கர் வரவு செலவை மனதிலேயே வைத்திருந்தவள் அவள். நீங்களும் அந்த வார்த்தையைத்தான் சொல்கிறீர்கள்.

ஒன்றும் கிடைக்காது என்பதும் தவறு. ஏழைப் பெண்ணைப் பற்றித்தான் அந்த ஊர்கள் நிறைய எழுதிவைத்திருக்கின்றன, அவளுக்குக் காசு செலவாகும் என்பதால். அன்று ஒவ்வொரு பங்கும், அதாவது ஒரு தேவாலயத்தைச் சேர்ந்த ஊரும், தன் ஏழைகளைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். அதனால் கையேந்த வந்தவர்கள் எந்த ஊரின் பொறுப்பு என்று அறிய, அவர்களை மாஜிஸ்திரேட் முன் நிறுத்தி, எங்கே பிறந்தாய், எங்கே ஒரு வருடம் முழுக்க வேலைக்கு இருந்தாய், யாரைக் கட்டினாய் என்று சத்தியம் வாங்கி எழுதினார்கள். கல்யாணமாகாமல் கருவுற்றவளிடம் தகப்பன் பெயரைக் கேட்டு எழுதினார்கள். கல்யாணமானவளுக்குக் கணவனின் ஊர்தான் ஊர். அவன் செத்து அவள் கையேந்த நேர்ந்தால், அவள் கண்ணாலேயே பார்த்திராத அந்த ஊருக்குப் பிள்ளைகளோடு வண்டியேற்றி அனுப்புவார்கள். ஆலயப் பதிவேட்டில் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் என்று அவளுக்கு மூன்று வரி. ஏழைகளுக்கான கணக்கேட்டிலோ ஒரு ஜோடி செருப்பு, விறகு, மருத்துவச்சி கூலி, சவப்பெட்டி எல்லாம் அவள் பெயரிலேயே இருக்கும். வசதியான வீட்டுப் பெண்ணின் செருப்பை யார் எழுதினார்கள்?

அந்தக் காகிதங்கள் எல்லா ஊரிலும் மிஞ்சவில்லைதான். தேடாமலே இல்லை என்று சொல்லாதீர்கள், அம்மா.

முதலில் 1816ஆம் வருடப் பக்கத்தின் படத்தை வாங்கி, மேரி குறி போட்டிருக்கிறாளா என்று பாருங்கள். அப்புறம் கீழே சாட்சிகள். அதில் பெண் பெயர் இருந்தால் அவள் அக்காளாகவோ தங்கையாகவோ இருக்கலாம். இருந்தால் எனக்கு எழுதுங்கள்.