தோசைக் கல்லை மட்டும் மறக்காதீர்கள்

கேள்வி: மே மாதக் கடைசியில் பள்ளி விடுமுறைக்கு வேல்ஸில், பெம்ப்ரோக்‌ஷயர் கடற்கரைப் பக்கம் ஒரு வாரத்துக்கு காட்டேஜ் எடுத்திருக்கிறோம். சமையல் நாங்களேதான். போன முறை ஸ்னோடோனியா பக்கம் போனபோது எல்லாவற்றையும் வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு போனதால், ஏழு நாளும் வழக்கமாகச் சாப்பிடுவதையே சாப்பிட்டுத் திரும்பினோம். இம்முறையாவது அந்த ஊர்ச் சாப்பாட்டைச் சாப்பிட வேண்டும். என் கணவரோ சூப்பர்மார்க்கெட் டெலிவரியை காட்டேஜுக்கே பதிவு செய்யலாம் என்கிறார். கூட வரும் மாமியார் முட்டை சாப்பிடுவார். மீனும் இறைச்சியும் தொடமாட்டார். எங்கே, எப்படித் தேடுவது?
— ஒரு வாசகி, ரெடிங், இங்கிலாந்து

பதில்: முதலில் அந்த டெலிவரியை நிறுத்துங்கள். ரெடிங்கில் வாங்கும் அதே ரொட்டியும் அதே தக்காளியும் வாசலில் வந்து இறங்கிவிட்டால், அவற்றைக் கெடாமல் தின்று தீர்ப்பதே வாரம் முழுக்க வேலையாகிவிடும். அரிசி, பருப்பு, மிளகாய்த்தூள், புளி, ஒரு தோசைக் கல். இவை போதும். கல் எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

சனிக்கிழமைதானே காட்டேஜ் சாவி கிடைக்கும்? பெரும்பாலும் மாலை நான்கு மணிக்குத்தான் உள்ளே விடுவார்கள். ஆகவே காலையில் சீக்கிரம் புறப்பட்டு, மதியத்துக்கு முன் சுவான்சி சந்தைக்குப் போய்விடுங்கள். எம்4 சாலையிலிருந்து சிறிது விலகினால் போதும். வேல்ஸின் மிகப் பெரிய உள்ளரங்கச் சந்தை அது. பழைய கட்டடம் 1941 பிப்ரவரியில் மூன்று இரவுகள் தொடர்ந்து விழுந்த ஜெர்மன் குண்டுகளில் அழிந்தது. இப்போதிருப்பது 1961இல் திறந்தது. நேரே நடுவுக்குப் போங்கள். அங்கேதான் காக்கிள் என்ற மட்டியை விற்கும் கடைகள். பக்கத்திலிருக்கும் கவர் தீபகற்பத்துச் சேற்றுவெளியில், அலை வற்றும் நேரம் பார்த்துக் கையால் வாரிச் சலித்து எடுப்பது. ஒரு காலத்தில் பென்க்ளவுத் கிராமத்துப் பெண்கள் கழுதைகளோடு போய் வாரி வந்தார்கள். வேகவைத்த மட்டியில் வினிகரும் மிளகுத்தூளும் போட்டு அங்கேயே நின்றுகொண்டு சாப்பிடலாம். அதே கடையில் கறுப்பாகக் கூழ் போல ஒன்று இருக்கும். அதையும் கால் கிலோ வாங்கிக்கொள்ளுங்கள், கடைசியில் பேசுவோம்.

ஞாயிற்றுக்கிழமைக்கு வேண்டியதையும் அன்றே வாங்கிவிடுங்கள். சுவான்சி சந்தைக்கு ஞாயிறு விடுமுறை. பெரிய கடைகளும் அன்று ஆறு மணி நேரம்தான் திறந்திருக்கலாம் என்பது சட்டம். நான் முதல் முறை போனபோது இது தெரியாமல் ஞாயிறு மாலை ஆறு மணிக்குக் கூடையோடு கிளம்பினேன். அன்று இரவு நாங்கள் சாப்பிட்ட ‘உள்ளூர் உணவு’, பெட்ரோல் நிலையத்தில் வாங்கிய நூடுல்ஸ்.

திங்கள் முதல் கார் ஓட்டுபவரிடம் மெதுவாகப் போகச் சொல்லுங்கள். பெம்ப்ரோக்‌ஷயரின் மிகச் சிறந்த கடைக்குக் கூரையும் கிடையாது, ஆளும் கிடையாது: பண்ணை வாசலில் ஒரு மரப்பெட்டி, அதில் மண் ஒட்டிய உருளைக்கிழங்குப் பைகள், பக்கத்தில் உண்டியல். பலகையில் ‘டாட்டூஸ்’ என்று படிக்கிற மாதிரி ஒரு சொல் இருக்கும். பச்சை குத்துகிறார்கள் என்று உங்கள் பிள்ளைகள் கத்துவார்கள். வெல்ஷ் மொழியில் உருளைக்கிழங்கு அது. கடல் காற்றால் அங்கே உறைபனி குறைவு. அதனால் மே தொடக்கத்திலேயே புதுக் கிழங்கு வந்துவிடுகிறது, ஜூலை வரை நீடிக்கும். 2013இல் புவிசார் குறியீடும் வாங்கியது. கட்டைவிரலால் தேய்த்தாலே தோல் உரியும், ஆனால் உரிக்காதீர்கள். முழுதாக உப்பு நீரில் வேகவைத்து, வேல்ஸ் வெண்ணெயை மேலே போட்டு உருகவிடுங்கள். அந்த வெண்ணெயில் உப்பு தூக்கலாக இருக்கும் என்பதால் தனியே உப்புத் தூவ வேண்டாம். சில்லறை மட்டும் கையில் வேண்டும். 2018 வரை செவர்ன் பாலத்தைத் தாண்டி வேல்ஸுக்குள் நுழையக் கட்டணம் இருந்தது. அந்தப் பணத்தை இப்போது உண்டியலில் போடலாம்.

சிறு துறைமுகங்களில் நண்டு கிடைக்கும். சதையை எடுத்து ஓட்டிலேயே நிரப்பித் தருவார்கள், பிள்ளைகளுக்கு வசதி. ஆட்டிறைச்சி விஷயத்தில் மட்டும் நீங்கள் போகும் மாதம் சரியில்லை. மலைப் பண்ணைகளில் குட்டிகள் வசந்தத்தில் பிறப்பவை; மே மாதத்தில் இன்னும் தாயோடு துள்ளிக்கொண்டிருக்கும். கவர் உப்புச் சதுப்பில் மேயும் ஆட்டின் இறைச்சியும் ஜூன் முதல் டிசம்பர் வரைதான். கறிக்கடைக்காரரிடம் “எந்தப் பண்ணை ஆடு?” என்று கேளுங்கள். பண்ணையின் பெயரைச் சட்டென்று சொல்பவரிடம் வாங்கலாம்.

சுற்றுலாக் கடைகளில் வேல்ஸ் கொடியிலிருக்கும் சிவப்பு டிராகனைப் பார்த்து ஏமாற வேண்டாம். டிராகன் படம் போட்ட தேன் பாட்டில் ஒன்றை ஆசையாக வாங்கிவந்து, காட்டேஜில் கண்ணாடி போட்டுக்கொண்டு பின்பக்கச் சீட்டைப் படித்தேன்: பல நாட்டுத் தேன்களின் கலவை. டிராகன் மட்டும்தான் வேல்ஸ்.

மாமியாருக்கு வருவோம். வேல்ஸ் அவருக்கு உகந்த ஊர்தான். கிளாமர்கன் சாசேஜ் என்பதில் இறைச்சியே இல்லை: கேர்ஃபில்லி சீஸ், லீக் (வெங்காயத் தாள் போன்ற காய்), ரொட்டித்தூள், முட்டை சேர்த்து உருட்டிப் பொரிப்பது. கேர்ஃபில்லி வெள்ளையாக, உதிர்கிற மாதிரி, இலேசான புளிப்போடு இருக்கும். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் சாப்பாட்டுப் பையில் கொண்டுபோன சீஸ். கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த உறையூட்டியால் செய்யும் சீஸும் உண்டு. சைவக் குறி பார்த்து வாங்குங்கள்.

இப்போது தோசைக் கல். வெல்ஷ் கேக்கை அடுப்புக்குள் வைப்பதில்லை, தட்டையான இரும்பின் மேல் சுடுகிறார்கள். வெல்ஷ் மொழியில் அதன் பெயருக்கு ‘கல் மேல் சுட்ட கேக்’ என்றே பொருள். கல் போய் இரும்பு வந்த பிறகும் கல் என்றே சொல்வது நாம் மட்டுமல்ல! 225 கிராம் மாவில் (தானே உப்பும் வகை) 110 கிராம் வெண்ணெயைப் பிசறி, 85 கிராம் சர்க்கரை, ஒரு பிடி உலர்திராட்சை, சிட்டிகை ஜாதிக்காய், ஒரு முட்டை சேர்த்துப் பிசைந்து, அரை சென்டிமீட்டர் கனத்தில் வட்டமாக வெட்டி, மிதமான சூட்டில் பக்கத்துக்கு மூன்று நிமிடம். கடையில் வாங்குவதானால் பன்றிக்கொழுப்பா வெண்ணெயா என்று கேட்டுவிடுங்கள்.

அந்தக் கறுப்புக் கூழ்தான் லேவர்பிரெட். பெயரில் ரொட்டி இருக்கிறதே தவிர ரொட்டி அல்ல. பாறையில் வளரும் கடற்பாசியை மணிக்கணக்கில் வேகவைத்து மசித்தது. ஜப்பானியர்கள் சாப்பிடும் நோரி என்ற கடற்பாசிக்கு உறவு. ஓட்ஸ் மாவு கலந்து வடை போலத் தட்டி, கல்லிலேயே வெண்ணெய் விட்டுச் சுடுங்கள். மட்டி விற்கும் கையாலேயே அள்ளித் தருகிறார்கள் என்பதால், மாமியார் ஆசாரம் பார்ப்பவரென்றால் டப்பாவில் அடைத்ததாக வாங்குங்கள். பார்க்கக் கடைந்த கீரை போலத்தான் இருக்கும், ஆனால் வாயில் வைத்தால் கடல். இதை அவர் முதல் வாய் எடுப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.