டெல்லி காரைச் சென்னையில் பதிவு செய்வது எப்படி?

கேள்வி: டெல்லியில் பதிவான ஒன்பது வயது டீசல் எஸ்யூவி ஒன்றைச் சென்னை புரோக்கர் ஒருவர் காட்டினார். இங்குள்ள அதே மாடலைவிட விலை மிகவும் குறைவு. ‘என்ஓசி (பழைய ஆர்டிஓ தரும் தடையில்லாச் சான்று) கையில் இருக்கிறது, ஒரு வருஷம் இதே நம்பரில் ஓட்டலாம்’ என்கிறார். வாங்கலாமா? (வேளச்சேரி வாசகர்)

பதில்: விலை குறைவதில் மர்மம் ஒன்றும் இல்லை. டெல்லி வட்டாரத்தில் டீசல் வண்டிக்கு 10 ஆண்டு, பெட்ரோல் வண்டிக்கு 15 ஆண்டு என்ற கட்டுப்பாட்டை உச்ச நீதிமன்றம் 2018இல் உறுதி செய்தது. அதிலிருந்து எட்டு, ஒன்பது வயது டீசல் வண்டிகள் தெற்கே வந்துகொண்டே இருக்கின்றன. வண்டி நன்றாகவே இருக்கலாம். ஆனால் புரோக்கர் சொல்லும் விலையோடு தமிழ்நாட்டு ஆயுள் வரியையும் கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் மலிவா இல்லையா என்று சொல்ல முடியும்.

டெல்லியில் ஏற்கெனவே வரி கட்டியிருந்தாலும் இங்கே தனியாகக் கட்டித்தான் ஆக வேண்டும். வண்டி புதிதாக விற்ற விலையையும் அதன் வயதையும் வைத்து வரி போடுகிறார்கள். 2023 நவம்பர் திருத்தத்துக்குப் பிறகு, 10 முதல் 20 லட்சம் விலையுள்ள புது காருக்கு 18 சதவீதம், அதற்கு மேல் 20 சதவீதம். வயது ஏற ஏற விகிதம் இறங்கும். ஒன்பது வயது வண்டி என்றாலும் தொகை சில்லறையாக இருக்காது. எனவே பழைய இன்வாய்ஸ் நகலைக் கேட்டு வாங்கி, வரி எவ்வளவு வரும் என்று ஆர்டிஓ அலுவலகத்தில் விசாரித்துவிட்டு விலை பேசுங்கள். டெல்லியில் கட்டிய வரியில் மீதிக் காலத்துக்கு ரீஃபண்ட் கிடைத்தால் அது யாருக்கு என்பதையும் அப்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

‘ஒரு வருஷம் ஓட்டலாம்’ என்பது பாதி உண்மை. மோட்டார் வாகனச் சட்டம் 47ஆம் பிரிவின்படி, வேறு மாநில வண்டி இங்கே 12 மாதத்துக்கு மேல் தங்கினால் புது நம்பர் எடுக்க வேண்டும். அது வண்டி இங்கே தங்கும் காலத்துக்கான கணக்கு. ஓனர் மாறுவதற்கு 50ஆம் பிரிவு தனியாக இருக்கிறது. அதன்படி வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். பெயர் மாற்றம் தாமதமானால் விற்ற டெல்லிக்காரருக்கு இன்னும் ஆபத்து. ஆர்சியில் (பதிவுச் சான்றில்) யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் விபத்து நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்திருக்கிறது. கையெழுத்து மட்டும் போட்ட வெற்று ஃபார்ம்களோடு நாலு கை மாறி வரும் வண்டியைத் தொடாதீர்கள்.

பணம் கொடுக்கும் முன் என்ஓசியை நீங்களே படித்துப் பாருங்கள். எந்த ஆர்டிஓ பெயருக்கு அது வாங்கப்பட்டிருக்கிறது என்பது முக்கியம். திருவான்மியூருக்கு (டிஎன் 07) வாங்கிய என்ஓசியை வைத்துக்கொண்டு மீனம்பாக்கத்தில் (டிஎன் 22) போய் நின்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். உங்கள் முகவரி எந்த அலுவலகத்தின் கீழ் வருகிறது என்பதை முதலில் உறுதி செய்துகொண்டு, அந்தப் பெயருக்கே என்ஓசி வாங்கித் தரச் சொல்லுங்கள். வண்டியின் மீது லோன் இருந்திருந்தால், அது முடிந்துவிட்டது என்று ஃபைனான்ஸ் கம்பெனி கையெழுத்திட்ட ஃபார்ம் 35 வேண்டும். மத்திய அரசின் வாகனப் பதிவு இணையதளமான பரிவாகனில் ஆர்சி நிலவரம், ஹைப்போதிகேஷன் (வண்டி மீதான கடன் பதிவு), பாக்கி இ-சலான் (அபராதம்) மூன்றையும் பார்த்துவிடுங்கள்.

அடுத்து பானெட்டைத் திறந்து, வண்டியின் உடலில் பொறித்த அடையாள எண்ணான சேசிஸ் நம்பரைத் தேடுங்கள். சில மாடல்களில் அது சீட்டுக்கு அடியில் இருக்கும். அதன் மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் 17 எழுத்துகளும் வரிசையாகப் பதிய வேண்டும். அந்த இடத்தில் மட்டும் புது பெயின்ட், அரம் போட்ட தடம், துரு தின்ற எழுத்து என ஏதாவது இருந்தால் அங்கேயே விலகிவிடுங்கள். இன்ஸ்பெக்டர் வண்டியை நேரில் பார்க்கும்போது முதலில் கேட்பது இந்த நம்பரைத்தான். பென்சில் பிரிண்ட் ஃபார்ம்களிலும் ஒட்ட வேண்டியிருக்கும்.

என்ஓசி, அசல் ஆர்சி, இன்ஷூரன்ஸ், புகைச் சான்று, முகவரிச் சான்று இவற்றோடு விற்றவர் கையெழுத்திட்ட ஃபார்ம் 29 (விற்றதற்கான அறிவிப்பு) இரண்டு பிரதி, உங்கள் ஃபார்ம் 30 (பெயர் மாற்ற விண்ணப்பம்), புது நம்பருக்கு ஃபார்ம் 27 ஆகியவை வேண்டும். வரி, கட்டணம் கட்டி, ஆய்வு முடிந்ததும் டிஎன் நம்பர் வரும். பழைய பிளேட்டில் பெயின்ட் அடித்து நம்பர் எழுதுவது செல்லாது. புது நம்பருக்குப் புது ஹெச்எஸ்ஆர்பி (உயர் பாதுகாப்பு) பிளேட்தான். முழுத் தொகையையும் முன்கூட்டித் தராமல், கணிசமான ஒரு பங்கைப் பெயர் மாறிய பிறகு தருவதாக ஒப்பந்தம் போடுங்கள். இதற்குச் சம்மதிக்காத புரோக்கரிடம் வாங்காமல் இருப்பதே மேல்.

கேள்வி: அந்த வண்டிக்கு 50 சதவீத நோ-கிளெய்ம் போனஸோடு (கிளெய்ம் கேட்காததற்கான பிரீமியத் தள்ளுபடி) பாலிசி இருக்கிறது. எனக்கு வந்துவிடுமா?

பதில்: பாலிசி வரும், போனஸ் வராது. போனஸ் ஓனருக்கு உரியது, வண்டிக்கு அல்ல. வாங்கிய 14 நாளுக்குள் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுதி, போனஸ் வித்தியாசத் தொகையைக் கட்டி உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். அதுவரை தேர்டு பார்ட்டி பாதுகாப்பு தொடரும். உங்கள் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கு கிளெய்ம் கேட்டால் சிக்கல்தான்.

கேள்வி: துபாயில் நான் ஓட்டிய ஐந்து வயது காரைச் சென்னைத் துறைமுகம் வழியாகக் கொண்டுவந்து பதிவு செய்யலாமா?

பதில்: முடியாது. பழைய வண்டி இறக்குமதிக்கு, தயாரித்து 3 ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது, ஸ்டீயரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும், மும்பைத் துறைமுகம் வழியாகத்தான் வர வேண்டும் என்பவை நிபந்தனைகள். துபாய் கார் இடப்பக்க ஸ்டீயரிங். அங்கேயே விற்றுவிட்டு வாருங்கள்.