வாங்கிய வீட்டில் பழைய வார்ப்பிரும்பு விறகடுப்பு இருக்கிறது. அது பெறுமதியானதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வியைப் பார்த்ததும் வயிற்றெரிச்சல் கிளம்பிவிட்டது, அதனால்தான் எழுதுகிறேன். நீங்கள் எந்த நாடு என்று சொல்லவில்லை. வீட்டோடு வார்ப்பிரும்பு அடுப்பு வந்திருக்கிறது என்றால் என்னைப் போல நோர்வே, சுவீடன் பக்கம் இருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். தலைக்கு மேல் வீட்டுக்கடன் இருக்கும், "அந்தப் பழைய இரும்பைத் தூக்கி எறி" என்று சொல்ல ஒரு மச்சானும் இருப்பார். முதலில் அந்த மச்சான் சொல்வதைக் கேட்காதீர்கள்.

நான் கேட்டேன். 1996இல் ஒஸ்லோவுக்கு வெளியே பழைய மரவீடு ஒன்று வாங்கினோம். நிலவறைச் சுவரில் ஏழெட்டு இரும்புத் தகடுகள் சாய்த்துக் கிடந்தன, துருப்பிடித்து, சிலந்திவலையோடு. ஒரு தகட்டில் மேலே கிரீடம், அதற்குக் கீழே வளைவாக 'சீ' என்ற ஆங்கில எழுத்து, அந்த எழுத்தின் வயிற்றுக்குள் 7. நான் அதை அளவு என்று நினைத்தேன். சப்பாத்துக்கு ஏழாம் நம்பர் இருக்கிற மாதிரி அடுப்புக்கும் இருக்கும்தானே. பக்கத்து வீட்டு நோர்வீஜியக் கிழவர் வந்து பார்த்துவிட்டு, தரலாமா என்று கேட்டார். எடுத்துக்கொண்டு போங்கள் என்றேன். "நிச்சயமாகவா?" என்று மூன்று தரம் கேட்டார், எனக்கிருந்த அரைகுறை நோர்ஸ்க்கில் நானும் மூன்று தரம் ஓம் சொன்னேன். சும்மா வாங்க மனமில்லாமல் 400 குரோனர் வைத்துவிட்டுப் போனார். அந்தக் காசில் நாலு பிளாஸ்டிக் கதிரை வாங்கினோம்.

மூன்று வருடம் கழித்து மகளின் வகுப்போடு பேரும்ஸ் வெர்க்குக்குப் போனேன். 1610இல் தொடங்கிய இரும்பாலை இருந்த இடம். அங்கே பழைய அடுப்புகள் நிற்கின்றன, அதில் ஒன்றின் நெற்றியில் என்னுடைய ஏழாம் நம்பர்! அது கிறிஸ்தியான் ஏழாமவரின் முத்திரை. 1766 முதல் 1808 வரை டென்மார்க்கையும் நோர்வேயையும் சேர்த்து ஆண்ட அரசன். தகடுகளை அடுக்கிப் பூட்டினால் இரண்டு மூன்று தட்டு உயரத்துக்கு மாடி வீடு மாதிரி நிற்கிற அடுப்பு வரும். புகை நேரே புகைபோக்கிக்கு ஓடாமல் ஒவ்வொரு தட்டாகச் சுற்றிப் போகும், போகிற வழியில் இரும்பைச் சுடவைத்து வீட்டுக்குள் வெக்கையை விட்டுவிட்டுப் போகும். கிழவர் என்னை ஏமாற்றினார் என்று யாரும் கீழே எழுத வேண்டாம், மனிதர் மூன்று தரம் கேட்டவர்.

சரி, உங்கள் அடுப்புக்கு வருகிறேன். முன்பக்கத்து அலங்காரத்தில் மயங்காமல் பின்பக்கம், அடிப்பக்கம், கதவின் உள்பக்கம் எல்லாம் டோர்ச் அடித்துப் பாருங்கள். வார்ப்பாலையின் பெயரும் மொடல் எண்ணும் அங்கேதான் இருக்கும். யோத்துல், உலெஃபோஸ், ட்ரொல்லா, டென்மார்க்கின் மோர்சோ என்று ஏதாவது பெயர் தட்டுப்படும். பெயரை மட்டும் நம்பவும் முடியாது. எழுபதுகளில் எண்ணெய் விலை ஏறி எல்லோரும் விறகுக்கு ஓடியபோது யோத்துல் அடுப்புகளைத் தைவானில் அச்சு அசலாகப் பிரதி எடுத்து விற்றார்கள். நல்ல வார்ப்பில் சித்திரத்தின் விளிம்பு விரலில் கூராகத் தட்டுப்படும், மட்டமான பிரதியில் தேய்ந்த சவர்க்காரம் மாதிரி மழுங்கியிருக்கும். தகட்டில் வருடம் இருந்தாலும் உடனே துள்ளவேண்டாம், பழைய அச்சில் பின்னாளில் வார்த்ததும் உண்டு.

பிறகு விரல்மொழியால் தட்டிப் பாருங்கள். தனித்தகடு என்றால் மணி மாதிரிக் கேட்கவேண்டும், உடைந்த சட்டி மாதிரிக் கேட்டால் எங்கேயோ வெடிப்பு. பூட்டி நிற்கிற அடுப்பு என்றால் இரவில் விளக்கை அணைத்துவிட்டு உள்ளே டோர்ச்சை வையுங்கள். வெளிச்சம் கசிகிற மூட்டுகளில் பூச்சு போய்விட்டது, திரும்பப் பூசலாம். தகடே வெடித்திருந்தால்தான் சிக்கல், வார்ப்பிரும்பை ஒட்டவைப்பது லேசான வேலை இல்லை. கதவைச் சுற்றியிருக்கும் பழைய கயிற்றைச் சும்மா பிய்க்கவேண்டாம், அஸ்பெஸ்டஸாக இருக்கலாம்.

எங்கள் வீட்டு விறாந்தையில் நின்றது யோத்துல் 118. அதையும் கொடுத்திருப்பேன், நூறு கிலோவுக்கு மேல் பாரம் என்பதால் தப்பியது. நீளமான பெட்டி, 60 சென்ரிமீற்றர்க் கட்டையை அப்படியே உள்ளே தள்ளலாம், சுருட்டு மாதிரி முன்னுக்கிருந்து பின்னுக்கு எரிந்துகொண்டு போகும். ஒரு நாள் மகள் பழைய துணியால் கரி துடைக்கும்போது அதில் வார்த்திருந்த எழுத்துகளை ஒவ்வொன்றாக வாசித்தாள். பொழுதுபட்ட பிறகு என் நெருப்பைப் புதைத்து வைக்கிறேன், கடவுளே என் நெருப்பு ஒருநாளும் அணையக்கூடாது என்பதுதான் அதன் சாரம்.

எங்கள் அம்மா செய்தது அதேதான். இரவுச் சாப்பாடு முடிந்ததும் தணலைச் சாம்பலால் மூடுவா, விடிய கிளறிப் பன்னாடையை வைத்து ஊதுவா, நெருப்புப்பெட்டி தேவையில்லை. கண் சிவந்து இருமிக்கொண்டு ஊதுகிற அம்மாவைப் பார்த்து வளர்ந்ததால்தான் விறகு என்றாலே எனக்கு ஒரு வெட்கம் இருந்தது. நோர்வேக்கு வந்தும் விறகா என்று யாரும் கேட்டுவிடுவார்களோ என்ற பயம். கேட்கவும் செய்தார்கள். "இன்னும் விறகோ?" என்று கேட்ட அதே மச்சான் வீட்டில் இப்போது நத்தாருக்கு ரீவியில் நெருப்பு எரிகிற வீடியோ ஓடுகிறது. நோர்வே அரச தொலைக்காட்சி 2013இல் விறகைப் பற்றி 12 மணித்தியாலம் நிகழ்ச்சி போட்டது, அதற்கும் விறகை அடுக்கும்போது பட்டை மேலே இருக்கவேண்டுமா கீழே இருக்கவேண்டுமா என்று சனம் சண்டை பிடித்தது. அந்தச் சண்டையில் எனக்குப் பக்கம் இல்லை.

எனக்குச் சண்டை விறகு விற்கிறவர்களோடு. 40 லீற்றர் சாக்கு என்பார்கள், பிரித்தால் பாதி காற்று. உலர்ந்த பேர்ச் மரவிறகு என்று எழுதியிருக்கும், ஈரமானியைக் குத்தினால் 28 வீதம் காட்டும், 20க்குக் கீழே இருக்கவேண்டியது. கட்டையின் நுனியில் தண்ணீர் கொதித்துச் சீறுகிற சத்தம் விறாந்தை முழுக்கக் கேட்கும். காசைத் திருப்பித் தா என்று கேட்டால் நாங்கள் ஏதோ விறகே காணாத ஆட்கள் மாதிரி ஒரு பார்வை. பனையோலை, பாளை, ஊமல் என்று எது எப்படி எரியும் என்பது எட்டு வயதில் எங்களுக்குத் தெரியும் ஐயா.

புகை, சுற்றுச்சூழல் என்று வருகிறவர்களுக்கு: நீங்கள் சொல்வது சரிதான், பழைய அடுப்பு கூடப் புகைக்கும். நோர்வேயில் 1998க்குப் பிறகு புதிதாகப் பூட்டுவது குறைந்த புகை அடுப்பாக இருக்கவேண்டும், 1940க்கு முந்திய பழம்பொருளுக்கு மட்டும் விலக்கு. ஏற்கெனவே நிற்பதைப் பாவிக்கலாம், ஆனால் பேர்கன் நகரில் 2021இலிருந்து அதுவும் கூடாது. எரிக்க முதல் புகைபோக்கி பார்க்க வருகிறவரிடம் காட்டுங்கள். அவரை இங்கே 'ஃபையர்' என்றுதான் சொல்வார்கள், பெயருக்கு ஏற்ற வேலை. வேறு நாடு என்றால் அந்த ஊர்ச் சட்டத்தைப் பாருங்கள்.

விலை கேட்டு எனக்குத் தனிச்செய்தி அனுப்பவேண்டாம். விலை விஷயத்தில் என் கெட்டித்தனத்தை மேலே பார்த்தீர்கள்தானே. அந்த நாலு கதிரையில் இரண்டு இன்னும் கராஜில் கிடக்கின்றன, ஒன்றுக்குக் கால் இல்லை.